நான்காவது உதை

நான்கு முறை உதைக்காமல் சூசையின் பழைய புல்லட் கிளம்பியதே இல்லை. மூன்று உதைக்கு வெறும் மூச்சு வாங்கும். மனைவி அமலோற்பவம் ஈரக்கையோடு வாசலுக்கு வந்து நின்றதும், நான்காவதற்கு உறுமும். முப்பது வருஷமும் அப்படித்தான். அவர் இறந்த நாற்பதாம் நாள் பூசை முடிந்ததும் அவள் வண்டியை மெக்கானிக் காசிமிடம் தள்ளிக்கொண்டு போனாள்.

"செல்ஃப் மாட்டிக் கொடு தம்பி. பொத்தானை அமுக்கினா கிளம்பணும். என் மகளால இதோட மல்லுக்கட்ட முடியாது."

காசிம் ஒரே ஒரு உதை உதைத்தான். கடையே அதிர்ந்தது.

"இது எப்பவும் ஒரு உதை வண்டிதான் டீச்சர். அண்ணன் இங்க ஒண்ணுலதான் எடுப்பார்."

"வீட்ல நாலு ஆகுமே?"

"இந்தக் குட்டி லீவரை அமுக்கிக்கிட்டு உதைச்சா நாலு என்ன, நானூறு உதைச்சாலும் எடுக்காது" என்று சிரித்தபடி இடது கைப்பிடியைக் காட்டினான்.

வீட்டு வாசலில் முதல் மூன்று உதைக்கும் அவருடைய இடது கை அங்கேதான் இருக்கும்.

ஆனால் அவர் திரும்பி வராத அந்தக் காலையில் வண்டி முதல் உதையிலேயே கிளம்பியிருந்தது. அவள் வாசலுக்கு ஓடிவந்தபோது தெரு காலி. வண்டிக்குக் குணமாகிவிட்டது என்று சந்தோஷப்பட்டாள். முந்தின நாள் சண்டைகூட இல்லை. ரேஷன் கார்டைப் பற்றித்தான் பேசினார்கள். வேறு என்ன பேசினோம் என்று எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை.

"செல்ஃப் மாட்டவா, வேண்டாமா டீச்சர்?"

அவள் அந்த லீவரை இறுக அமுக்கிக்கொண்டாள்.

"உதை தம்பி."

"எடுக்காதே டீச்சர்."

"தெரியும். மூணு தரம் உதை."