கீழே பெயர் போடுங்கள்

"எழுதுங்க நயினாரே! மேலேரி உடைஞ்சிட்டது. பெரிசா எழுதுங்க!"

சைக்கிள் கடை சுந்தரமூர்த்தி போட்ட சத்தத்தில் செஞ்சி பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது.

அறுபத்தாறாம் வருஷத்து ஐப்பசி. விடாத மழை. மத்தியானத்திலிருந்து கரண்ட் இல்லை. படிப்பகத்து ரேடியோவும் ஊமை. ஊருக்கு மிச்சமிருந்தது படிப்பக வாசலில் தொங்கிய கரும்பலகைதான். தினமும் அதில் செய்தி எழுதுகிற அஜிததாஸ் நயினார், சாக்பீஸை சுந்தரமூர்த்தியிடம் நீட்டினார்.

"நீங்க பார்த்தீங்களா?"

"அவலூர்பேட்டை பஸ்ல வந்தவன் சொன்னான்."

"அவன் பார்த்தானா?"

"அவனுக்கு யாரோ..."

"சரி, நீங்களே எழுதுங்க. கீழ உங்க பேரைப் போடுங்க. அதான் இந்தப் பலகையோட சட்டம்."

சுந்தரமூர்த்தி கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "எம் பேரு எதுக்கு? ஊரே சொல்லுது."

"அப்ப ஊரு வந்து பேரு போடட்டும்."

நயினார் திரும்பிப் பலகையில் எழுதினார்: 'மேலேரி உடைந்ததாக வதந்தி. நேரில் பார்த்தவர் எவரும் இதுவரை வரவில்லை.'

"ஜனங்க சாவப் போறாங்க, இவரு இதுவரை அதுவரைன்னு எழுதுறாரு!"

"கத்தினா ஏரி உடைஞ்சிடாது. கத்தலைன்னா நின்னுடாது. தெரிஞ்சதைத்தான் எழுதுவேன்."

கூட்டத்தை இடித்துக்கொண்டு குஞ்சம்மாள் முன்னால் வந்தாள். களை பறிக்கப் போகிற பெண். தலையில் போட்டிருந்த கோணி சொட்டிக்கொண்டிருந்தது.

"நயினாரே, எனக்கு ஒரு பதில் சொல்லுங்க. எம் பொண்ணு புள்ள பெத்து ஒரு வாரம்கூட ஆவல. ஏரிக்குக் கீழதான் வூடு. எல்லாரும் மலைக்கு ஓடுறாங்க. பச்சை உடம்புக்காரியையும் சிசுவையும் இந்த மழையில தூக்கிட்டுப் போனா விறைச்சே செத்துடும். போவலைன்னா தண்ணி. நான் இன்னா பண்ணட்டும்?"

"கிளம்புவியா, நின்னு இன்னா யோசனை?" என்றார் சுந்தரமூர்த்தி.

குஞ்சம்மாள் அவரைப் பார்க்கவில்லை. நயினார் முகத்தையே பார்த்தாள்.

நயினார் மேற்கே பார்த்தார். மேகத்துக்குள் பொழுது இறங்கிக்கொண்டிருந்தது.

"எல்லாத்தையும் கட்டி ரெடியா வெச்சுட்டு இங்க வா. விளக்கு வைக்கிறதுக்குள்ள நான் வந்துடறேன். வரலைன்னா கிளம்பிடு." சுந்தரமூர்த்தியிடம் திரும்பினார். "ஒரு சைக்கிள் குடுங்க. அவசரம்."

"எங்க?"

நயினார் பதில் சொல்லாமல் ஏறி மிதித்தார்.

"எங்கன்னு கேக்கணுமா?" சுந்தரமூர்த்தி கூட்டத்தைப் பார்த்துக் கண்ணடித்தார். "ஜைனரு வூடு. பொழுது சாஞ்சா ஒரு பருக்கை உள்ள போவாது. ஏரி காத்திருக்கும், சோறு காத்திருக்குமா?"

கூட்டம் சிரித்தது. யாரோ காறித் துப்பினார்கள்.

"ஊரு முழுவப் போவுது, அவருக்கு இலை போட்டாச்சு!"

"அதை அழிச்சுட்டு நாமளே எழுதுவோம்யா."

"எழுது."

"நீ எழுது. உன் கையெழுத்துதான் அழகு."

"பேரு போடணுமே..."

சாக்பீஸ் நாலு கை மாறி, மறுபடி பலகை ஓரத்துக்கே வந்து சேர்ந்தது.

டீக்கடையில் பெட்ரோமாக்ஸ் ஏற்றினார்கள். திரும்பி வந்து காத்திருந்த குஞ்சம்மாள் பெருமூச்சு விட்டுக் கோணியை இழுத்து மூடினாள். கிளம்பப் போனாள்.

சைக்கிள் மணி கேட்டது.

நயினார் தொப்பலாக நனைந்திருந்தார். நேராகப் பலகைக்குப் போய்த் துடைத்தார். எழுத எழுத, உரக்கப் படித்தார்.

'மேலேரி உடையவில்லை. மிச்சத் தண்ணீர் கலங்கல் வழியாக ஒழுங்காக வெளியேறுகிறது. கரையில் ஓர் இடத்தில் கசிவு. மண் மூட்டை அடுக்க ஆள் தேவை. நேரில் பார்த்தது: அஜிததாஸ்.'

"குஞ்சம்மா, பொண்ணு வூட்லயே இருக்கட்டும். கரையில ஆள் நிக்குது. எதுனா ஆச்சுன்னா நானே வந்து சொல்றேன்."

அவள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு ஓடினாள். மலைக்கு மூட்டை கட்டியிருந்த இளவட்டங்கள், மூட்டையைப் பிரித்துச் சாக்கை உதறிக்கொண்டு ஏரிப் பக்கம் ஓடின.

சுந்தரமூர்த்தி தன் சைக்கிளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். மட்காடுக்குள் சேறு அப்பிக் கிடந்தது.

"ஏரிக்கா போனீங்க? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொல்லியிருந்தா, நயினாரே ஏரிக்கு ஓடுறாரு, உடைஞ்சது நிஜம்தான்னு அதையும் எழுதச் சொல்லியிருப்பீங்க."

அப்போது அரிக்கேன் விளக்கும் குடையுமாக நயினாரின் மனைவி தர்மவதி வந்து சேர்ந்தாள்.

"நல்லா இருக்குது! காலையில சாப்ட்டுட்டு வந்த ஆளு. இலையைப் போட்டுட்டு வாசலையே பார்த்துக்கிட்டு இருந்தேன். பொழுதும் போயிடுச்சு. இனிமே விடிஞ்சாத்தானே சோறு?"

"விடியாமலா போயிடும்? வா" என்றார் நயினார்.

சுந்தரமூர்த்தி சாக்பீஸை எடுத்தார். பலகையின் அடியில், கொஞ்சம் கோணலாக எழுதினார்:

'நயினார் சாப்பிடப் போனார் என்று நான் சொன்னது பொய். சுந்தரமூர்த்தி, சைக்கிள் கடை.'

"இதெல்லாம் ஊருக்கு எதுக்கு?" என்று நயினார் துணியை எடுத்தார்.

சுந்தரமூர்த்தி பலகைக்குக் குறுக்கே வந்து நின்றார்.

"கை வெச்சிடாதீங்க நயினாரே. கேட்டவன் எழுதல, சொன்னவனே எழுதியிருக்கேன். கீழ பேரும் போட்டிருக்கேன். உங்க சட்டம்தானே?"