மேல்பெட்டியின் பச்சை விளக்கு

மேல்பெட்டியில் கணினிப் பிரிவுப் பொறுப்பாளர் கஸ்பார் சாரைத் தவிர வேறு யாரும் கைவைப்பதில்லை. இந்த மருத்துவமனையில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத விதி இது. படிக்கட்டுக்கு அடியிலுள்ள கண்ணாடி அறையில், இணையத் தொடர்புக்குக் காவலான இரண்டு ஃபயர்வால் பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. வெளியே செல்லும் தகவல் அனைத்தும் மேல்பெட்டி வழியாகவே செல்கிறது; அது அணைந்தால்தான் கீழ்ப்பெட்டி பொறுப்பேற்கும். ஆயுதபூஜைச் சந்தனம்கூட மேலதற்குத்தான், கீழதன்மேல் தூசி. இப்போது மேல்பெட்டி எதையும் அனுப்பவில்லை. ஆனாலும் அதன் பச்சை விளக்கு சீராகத் துடிக்கிறது. அந்தத் துடிப்பை நம்பிக் கீழ்ப்பெட்டி சும்மா இருக்கிறது. சித்தையன்கோட்டையிலிருந்து தலையில் அடிபட்டு வந்தவரின் ஸ்கேன் படங்கள் மதுரை நிபுணரைச் சேராமல் பதினொரு நிமிடமாக இங்கேயே நிற்கின்றன. விசிறிகளின் இரைச்சலை மீறி, கஸ்பாரின் கைப்பேசியில், பெட்டியை விற்ற கம்பெனியின் காத்திருப்பு இசை திரும்பத் திரும்ப ஒலிக்கிறது. கதவைப் பிடித்தபடி செவிலியர் ஜெயமேரி நிற்கிறார். "சார், மதுரையில இருந்து பதில் வராம டாக்டர் தலையத் திறக்க மாட்டேங்கிறாரு." "செத்த நேரம் பொறும்மா. லைட்டு எரியுதுல்ல, உசுரோடதான் இருக்கு." "அது எரியுறதுதான் சார் வம்பே," என்கிறாள் கஸ்பாருடன் வேலை பார்க்கும் கீர்த்தனா. "அணைஞ்சாத்தானே கீழ உள்ளது எந்திரிக்கும்?" கஸ்பார் கைப்பேசியை மறு காதுக்கு மாற்றுகிறார். கீர்த்தனா சுடிதாரில் உள்ளங்கையைத் துடைத்துக்கொள்கிறாள். "நாந்தான் பிடுங்குனேன்னு எழுதிக்கங்க சார்," என்று சொல்லிவிட்டு, அவர் கண்ணெதிரிலேயே மேல்பெட்டியின் பவர் வயரை இழுத்துவிடுகிறாள்.