வாசலில் ஜெர்மன் கார்

ஜெர்மன் எண்பலகையோடு ஒரு கார் எங்கள் வாசலில் நிற்கிறது. போர் முடிந்ததும் ஜெர்மானியர்களைத் துரத்திய இந்தப் போலந்து ஊரில், ரஷ்யா எடுத்துக்கொண்ட கிழக்கிலிருந்து துரத்தப்பட்ட எங்களை அவர்கள் விட்டுப்போன வீட்டில் குடிவைத்து இருபத்தேழு வருஷமாகிறது. அவர்கள் திரும்பி வந்தால் கிளம்ப வேண்டுமே என்று, கட்டிலுக்கடியில் ஒரு பெட்டி இன்னும் கட்டியபடியே கிடக்கிறது. "கூரைய மாத்தாதீங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே, கேட்டீங்களா? இப்ப அவங்களுக்குப் புதுக்கூரை!" என்கிறாள் என் மனைவி ஸ்டெஃபா. "கத்தாதடி. முதல்ல அந்தத் தட்டுகள ஒளிச்சு வை," என்கிறேன். வீட்டோடு எங்களுக்கு வந்த நீலப்பூத் தட்டுகளை அவள் போர்வைக்குள் சுருட்டுகிறாள். ஜன்னல் திரை விளிம்பில் வெயில் கோடாக விழுகிறது. காரிலிருந்து இறங்கிய கிழவி கைப்பையை மார்போடு அணைத்தபடி வாசற்படி ஏறுகிறாள். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் இடறுகிற மூன்றாவது படியை, குனிந்து பார்க்காமலே தாண்டிவிடுகிறாள்.