கிரெகரின் மகன்கள்

மக்ரெகர் என்றால் கிரெகரின் மகன் என்று பொருள். அந்தப் பெயரை வைத்திருப்பவனுக்குத் தூக்கு என்று ஸ்காட்லாந்தின் அரசன் ஆணையிட்ட பிறகு, மோரக்கின் குடும்பம் மலைக்குகை ஒன்றில் ஒளிந்து கிடந்தது. மன்னிப்புக்கு வழி ஒன்றுதான். அதே பெயர் கொண்ட இன்னொருவனின் தலையைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

அன்று அவள் கணவன் டூகல், ஓடையில் கைகளைக் கழுவிவிட்டு உள்ளே வந்தான்.

"குடுத்துட்டேன். இனிமே எவனும் என்னைத் தொட முடியாது."

"யாரோட தலை?"

"தூரத்துப் பங்காளி. உனக்குத் தெரியாது."

மோரக் காறித் துப்பினாள். "அந்தக் கையோட என் அடுப்புகிட்ட வராத."

"ஏன், நான் பொழச்சது உனக்குப் பிடிக்கலையா?"

அவர்களின் மூத்த மகன் நெருப்பைக் கிளறியபடி கேட்டான்.

"அந்த மன்னிப்பு எங்களுக்கும் சேர்த்தாப்பா?"

"இல்லடா. அவனவனுக்கு ஒரு தலை."

"உங்க தலை செல்லுமா?"

டூகல் சிரித்தான். "செல்லாது. நான் இப்ப வேற பேரு."

மூத்தவன் தம்பியின் பக்கம் திரும்பினான். தம்பி ஏற்கெனவே அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். மோரக் எழுந்து போய் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தாள்.