கெஞ்சும் யானை

"கண்ணு, செவப்பு எங்க? அமுக்கு பாப்போம்" என்கிறது மஞ்சள் பொம்மை யானை. எதிர்வீட்டில் இரவல் வாங்கி வந்த இரண்டு வயதுக் குழந்தை அசையவில்லை. முன்பு வந்த குழந்தைகளைப் போல இதுவும் பொத்தானை அமுக்காவிட்டால் யானையையும் அதை வடிவமைத்தவளையும் இன்றே மூட்டை கட்டிவிடுவதாகச் சொன்ன மேலாளர், கதவில் சாய்ந்து காது குடைகிறார். அவளோ தரையில் மண்டியிட்டு, தன் மூக்கையே பொத்தானாக்கி அமுக்கிக் காட்டுகிறாள், பார்க்கச் சகிக்கவில்லை. குரலுக்கு ஆள் வைக்காமல் தானே பேசிப் பதிந்த மகராசி, அதுவும் வேலை போய்விடுமோ என்று அழுது முடித்த கையோடு. யானையின் சிவப்புப் பொத்தானில் விளக்கு மினுங்குகிறது. குழந்தை தத்தித் தத்திப் போய் யானையை மடியில் கிடத்தி, வயிற்றில் தட்டிக்கொடுக்கிறது. "அழாத, அழாத." மேலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். "அவ்வளவுதானேம்மா?" அவள் குரலில் யானைதான் பேசுகிறது. "ஒரே ஒரு தடவ, கண்ணு."