நாற்பத்திரண்டு படி

“சாயங்காலம் நாலு மணிக்கு நம்ம ஊர்ல காத்து எங்கிருந்து அடிக்கும், தம்பி?”

கேட்டவர் தையல்காரர். கழுத்தில் அளவு நாடா, உதட்டோரம் இரண்டு குண்டூசி. எதிரில் நெளிந்துகொண்டிருந்தவன் லிப்ட் மெக்கானிக், அவருடைய மகளைக் காதலிப்பவன்.

தான் பிறந்த கடலோரச் சின்ன ஊர்க்காரனுக்குத்தான் பெண்ணைக் கொடுப்பேன் என்பது அவர் கட்சி. அவர் பிடித்த முயலுக்கு மூன்றே கால். மெக்கானிக்கோ கடலைக் காலண்டரில் மட்டும் பார்த்தவன். வேறு வழியில்லாமல் அவள், “இவரும் உங்க ஊர்தாம்ப்பா” என்று புளுகிவிட்டாள். அவளும் அங்கே போனதில்லை. அவள் பிறப்பதற்கு முன்பே குடும்பம் ஊரைவிட்டு வந்துவிட்டது. ஆனால் அப்பா சொல்லிச் சொல்லி ஊரே அவளுக்கு மனப்பாடம். அதை மூன்று மாதமாக அவனுக்கு ஓதியிருந்தாள்.

“முகத்துவாரப் பக்கமிருந்து, மாமா. கொடியில காயற துணியெல்லாம் உப்பு பூத்துரும்.”

தபால் ஆபீஸ் வாசல்வரை அலை வருமா என்றார். பௌர்ணமிக்கு மட்டும் வரும் என்றான். ஆமைப் பாறை எந்தப் பக்கம் தலையை நீட்டியிருக்கும் என்றார். கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஊரைப் பார்த்து என்றான். பதில் சொல்லச் சொல்ல அவனுக்குக் குஷி வந்துவிட்டது. இஸ்திரி மேஜையில் அவள் ஒரே சட்டையை நாலாவது தடவையாகத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“கலங்கரை விளக்கத்துக்கு எத்தனை படி?”

“நாப்பத்திரண்டு, மாமா. கடைசிப் படி உடைஞ்சிருக்கும். சின்ன வயசுல அதுல இடறி விழுந்த தழும்பு இன்னும் இருக்கு.”

முழங்காலைத் தட்டிக் காட்டினான். அந்தத் தழும்பைக் கொடுத்தது ஒரு லிப்ட் கதவு.

தையல்காரர் குண்டூசிகளை எடுத்து வைத்துவிட்டு அவனையே பார்த்தார். அவன் முழங்காலிலிருந்து கையை எடுத்துக்கொண்டான். தழும்புவரை போயிருக்க வேண்டாமோ?

“கையைத் தூக்குங்க. கல்யாணக் கோட்டுக்கு அளவெடுக்கணும்.”

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, அம்மாவிடம் சொல்ல உள்ளே ஓடினாள்.

அவன் மார்பில் நாடாவைச் சுற்றியபடி தையல்காரர் காதருகே குனிந்தார்.

“எங்க ஊர்ல கலங்கரை விளக்கமே கிடையாது, தம்பி. சின்ன வயசுல அவ சாப்பிட அடம்பிடிச்சப்போ, ஒரு வாய்க்கு ஒரு படின்னு நான் கட்டினது அது. அவ சொன்னதை ஒரு படி விடாம கேட்டு வெச்சிருக்கீங்க, எனக்கு அது போதும். அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, இன்னும் நம்பிட்டிருக்கா.”