வேற உரம்

"கடலோரம் பிள்ளைச்சாவடி குப்பத்துலேருந்து வரேங்க. வூட்டுத் தோட்டத்துல தக்காளிச் செடியெல்லாம் மஞ்சளாவுது, பூ கொட்டுது. நல்ல உரமா குடுங்க," என்றாள் அஞ்சலாட்சி.

"முன்னாடி காய்ச்சுதா?" என்று கேட்டார் உரக்கடை கிருஷ்ணசாமி.

"பொங்கல் வரைக்கும் தெருவுக்கே பழம் குடுத்தேன்."

"அப்ப என்ன உரம் போட்ட?"

"மீன் கழுவுற தண்ணியத்தான் ஊத்துவேன்."

அவர் சிரித்துவிட்டார். "அதைவிட நல்ல உரம் எங்கிட்ட இல்லம்மா. அதையே ஊத்து. உங்க ஊர்ல மீனுக்கா பஞ்சம்?"

அஞ்சலாட்சி உர மூட்டைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பொங்கல் கழிச்சு கடலுக்குப் போன எம்புள்ள திரும்பி வரலங்க. உடம்பும் கெடைக்கல. அதுலேருந்து எங்க வூட்ல யாருக்கும் மீனைத் தொட மனசு வரல."

கிருஷ்ணசாமி நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"வேற உரம் எதுனா குடுங்க. அந்தச் செடியெல்லாம் அவன் வெச்சது."